மலையேறக் கூடாத கண்

1819ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஒரு கூட்டத்தோடு நீலகிரி மலையேறி, கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். அதே ஆண்டு சென்னையில் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் கண் நோய்க்கென்றே ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். முதல் காரியத்திலிருந்து ஊட்டி பிறந்தது. இரண்டாவதுதான் இன்றைய எழும்பூர் கண்ணாஸ்பத்திரி. 1805இல் தொடங்கிய லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்குப் பிறகு உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. மலையும் கண்ணாஸ்பத்திரியும் கைகோக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கும் பிறகு கண் டாக்டர்கள் மலைவாசிகள் சிலரிடம் சொல்ல நேர்ந்த அறிவுரை, சல்லிவன் காலத்து டாக்டர்கள் சொன்னதற்கு நேர் எதிரானது: மலை ஏறாதீர்கள்.

சல்லிவன் காலத்தில் மலைதான் மருந்து. காய்ச்சலிலும் ஈரல் வீக்கத்திலும் வயிற்றுப்போக்கிலும் வதங்கிய கம்பெனி அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நீலகிரிக் குளிரே மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுக்கப்பட்டது. மலையில் மருத்துவ அதிகாரியாக இருந்த ராபர்ட் பெய்க்கி, 1834இல் நீலகிரியின் தட்பவெப்பம் பற்றியும் நோயாளிகளுக்கு அது என்ன செய்யும் என்பது பற்றியும் தனிப் புத்தகமே போட்டார். அதே ஆண்டு கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஊட்டியில் தங்கியிருந்தார். சென்னையில் வந்திறங்கிய மெக்காலேயைப் பல்லக்கில் மலைக்கே வரவழைத்துக்கொண்டார். மேலே போனால் உடம்பு தேறும் என்பதில் அந்தத் தலைமுறைக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கண்ணுக்கு மட்டும் அந்த மருந்து பலிக்கவில்லை. பின்னாளில் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சுற்றிப் பெயரெடுத்த ரிச்சர்ட் பர்ட்டன், 1847இல் சிந்துவிலிருந்து நோய் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். உடம்பு தேற வந்த இடத்தில் கண் அழற்சி பிடித்துக்கொண்டது. இருட்டறை, பத்தியம், இடமாற்றம் எதற்கும் அது மசியவில்லை. 1849இல் இந்தியாவை விட்டுக் கிளம்பும்வரை கூடவே இருந்தது. கோவாவையும் நீலகிரியையும் பற்றிய அவருடைய புத்தகத்தில் ஊட்டி வாழ்க்கை அத்தனை கேலிக்கு ஆளானதில் அந்தக் கண்வலிக்கும் பங்கு இருக்கலாம். புத்தகம் வந்தது 1851இல்.

அதே 1851இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதுவரை கண்மணி என்பது உலகத்து டாக்டர்கள் எல்லோருக்கும் வெறும் கறுப்பு வட்டம். அதற்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்ததும், உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையும் அதில் ஓடும் ரத்தக்குழாய்களும் பார்வை நரம்பின் வாயும் கண்ணெதிரே தெரிந்தன. பெர்லினில் கிரேஃபே, பிராகில் ஆர்ல்ட், உட்ரெக்டில் டோண்டர்ஸ் என்று ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்தக் கருவியோடு நோயாளிகளின் கண்ணுக்குள் இறங்கினார்கள். கடும் கிட்டப்பார்வைக்காரர்களின் கண்ணில் அவர்கள் கண்டது யாரும் எதிர்பாராதது: பின்சுவரில் வெளிறிப்போன திட்டுகள், மெலிந்து வெள்ளைப்படலமே தெரியும் இடங்கள், பார்வை நரம்பைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் ஒரு தேய்மானம்.

ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் அதன் விளிம்பைத் தொட்டிருந்தார். இத்தாலிய உடற்கூறு நிபுணர் ஸ்கார்பா, 1801இல், இறந்த பெண்களின் கண்களை அறுத்துப் பார்த்தபோது, இரண்டு கண்களில் பின்பக்கம் புடைத்துப் பை போல் தொங்குவதைக் கண்டு எழுதிவைத்தார். கிட்டப்பார்வையோடு அதை அவர் முடிச்சுப்போடவில்லை. முடிச்சுப் போட்டவர் ஆர்ல்ட். 1850களின் நடுவில், கிட்டப்பார்வைக்காரர்களின் கண்களை இறந்த பிறகு அளந்து, கோளாறு லென்ஸிலும் இல்லை, கருவிழியிலும் இல்லை, கண் உருண்டையே முன்பின்னாக நீண்டுவிட்டது என்று காட்டினார்.

எல்லாம் இந்த நீளத்தில்தான் இருக்கிறது. பெரியவர்களின் சாதாரணக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். அது ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடியில் மைனஸ் இரண்டரையிலிருந்து மூன்று பவர்வரை ஏறும். மைனஸ் 6ஐத் தாண்டினாலோ கண் 26 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ டாக்டர்கள் அதைக் கடும் கிட்டப்பார்வை என்கிறார்கள். முப்பதைத் தொடும் கண்களும் உண்டு. கண் நீளும்போது உள்ளே விரித்திருக்கும் படலங்கள் அதற்கேற்பக் கூடுதலாக வளர்வதில்லை. துணி அதே அளவு, மேசை மட்டும் நீளுகிறது. இழுபட்ட இழுப்பில் விழித்திரையின் ஓரங்கள் நைந்து ஓட்டை விழலாம். விழித்திரைக்குப் பின்னால் ரத்தம் கொண்டுவரும் கோராய்டு என்ற படலம், சாதாரணக் கண்ணில் கால் மில்லிமீட்டர் தடிமன் இருப்பது, இங்கே அதில் மூன்றிலொரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் மெலிந்துபோகலாம். ஊரில் சோடாபுட்டி என்று கேலி செய்யப்படும் தடித்த கண்ணாடி உண்மையில் இந்த நீளத்தின் அறிவிப்புப் பலகை. கண்ணாடி பார்வையைத் திருத்தும், நீளத்தைத் தொடாது.

டோண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட பெரிய நூலில் இதைத் தயக்கமில்லாமல் எழுதினார்: பவர் ஏறிக்கொண்டே போகும் கிட்டப்பார்வை ஒரு வசதிக்குறைவு அல்ல, நோய். அப்படி எழுதியபோதும் அவர் கையில் மருந்து இல்லை.

மருந்து இருப்பதாக நினைத்தவர்கள் இருந்தார்கள். 1890 வாக்கில் ஃபுக்கலா என்ற ஆஸ்திரிய டாக்டர், கண்ணின் லென்ஸையே எடுத்துவிட்டால் பவர் இறங்கிவிடும் என்று அறுவை செய்து காட்டினார். பவர் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றிய மகிழ்ச்சியில் இருந்தவர்களில் சிலருக்குப் பின்னர் விழித்திரை கழன்று பார்வையே போயிற்று. இன்று லேசிக் செய்துகொண்டு, கண் சரியாகிவிட்டது, இனி டாக்டர் எதற்கு என்று இருப்பவர்களும் ஃபுக்கலாவின் நோயாளிகள் விழுந்த அதே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். லேசிக் கருவிழியைச் செதுக்குகிறது. பின்னால் இருக்கும் 27 மில்லிமீட்டர் கண் 27 மில்லிமீட்டராகவேதான் இருக்கிறது.

டோண்டர்ஸின் நூல் வந்து பத்தாண்டு கழித்து, கடும் கிட்டப்பார்வைக்காரர் ஒருவர் குன்னூருக்கும் ஊட்டிக்கும் வந்தார். ஓவியர், கோமாளிப் பாடல்களால் உலகப் புகழ் பெற்றவர், எட்வர்ட் லியர். 1874இல் அவருக்கு வயது 62. வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு கொடுத்த ஆதரவில், கியோர்கியோ என்ற கிரேக்கப் பணியாளைக் கூட்டிக்கொண்டு இந்தியா முழுக்க அலைந்துகொண்டிருந்தார். லியர் தன்னையே கேலிச் சித்திரமாக வரைந்துகொள்ளும்போது தவறாமல் இடம்பெறுபவை இரண்டு: உருண்டைத் தொப்பையும் உருண்டைக் கண்ணாடியும்.

லியரின் தொழிலே கண்ணால் திசைமாறிய தொழில். இருபது வயதுக்கு முன்பே லண்டன் மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்து கிளிகளை இறகு இறகாக வரைந்து பெயர் வாங்கியவர் அவர். 1836 வாக்கில் கண் ஒத்துழைக்க மறுத்தது. பறவை நூல்களுக்குப் புகழ்பெற்ற ஜான் கூல்டுக்கு எழுதிய கடிதத்தில், நெருப்புக்கோழிக்குச் சிறிய பறவை எதையும் இனிப் பார்த்து வரைய முடியாது போலிருக்கிறது என்று வேடிக்கையாகவே புலம்பினார். நுணுக்கத்தை விட்டு நிலக்காட்சிக்குத் தாவினார். கிட்டத்தில் பார்த்து வரையும் வேலையை விட்டு, கிட்டப்பார்வைக்காரர் தூரத்து மலைகளை வரையப் போனது விநோதம்தான். ஆனால் தூரக் காட்சியைக் குழிலென்ஸ் கண்ணாடி ஓரளவு மீட்டுக் கொடுக்கும். மலை முகட்டுக்கு இறகின் நுணுக்கமும் தேவையில்லை.

அவருடைய வேலைமுறையும் கவனிக்கத்தக்கது. நின்ற இடத்தில் பென்சிலால் வேகமாகக் கோடு போட்டு, எங்கே என்ன நிறம், எங்கே பாறை, எங்கே மரம் என்று படத்தின் மேலேயே எழுத்தால் குறித்துக்கொள்வார். மையும் வண்ணமும் பிறகு, அறைக்குள் உட்கார்ந்து. குன்னூர்ப் பள்ளத்தாக்குகளும் இப்படித்தான் அவர் தாள்களில் ஏறின. இந்தியப் பயணத்தில் அவர் வரைந்து தள்ளிய நூற்றுக்கணக்கான தாள்களில் பெரும்பகுதி இன்று ஹார்வர்டில் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. முதுமையில் லியரின் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. 1888இல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார்.

லியர் வந்த காலத்தில் நீலகிரி பள்ளிக்கூட மலையாகிக்கொண்டிருந்தது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. குன்னூரில் ஸ்டேன்ஸ், ஊட்டியில் பிரீக்ஸ் என்று அடுத்தடுத்து வந்தன. சரியாக அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் ஐரோப்பாவில் பள்ளிக்கூடத்தின் மேலேயே குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. பிரெஸ்லாவ் நகரக் கண் டாக்டர் ஹெர்மன் கோன், பத்தாயிரம் மாணவர்களின் கண்ணைச் சோதித்து 1867இல் வெளியிட்டார்: வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வைக்காரர்கள் கூடுகிறார்கள், கிராமப் பள்ளியில் குறைவு, நகரத்து மேல்நிலைப் பள்ளியில் மிக அதிகம். இருட்டு வகுப்பறை, தாழ்ந்த மேசை, பொடி எழுத்து என்று அவர் காரணம் சொன்னார். இன்றைய ஆராய்ச்சி வேறொரு பக்கம் கைகாட்டுகிறது: பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே செலவிடும் நேரம். தைவான் பள்ளிகள் தினம் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பும் திட்டத்தைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. பந்து விளையாட்டும் மலையேற்றமும் பாடத்திட்டத்தில் பாதியாக இருந்த பழைய நீலகிரி விடுதிப் பள்ளிகள், ஒழுக்கத்துக்காகச் செய்ததைக் கண்ணுக்காகவும் செய்துவிட்டன எனலாம். ஆறு மாத மழையும் மூடுபனியும் இப்போது கைப்பேசியும் சேர்ந்த மலைவீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. 2050இல் உலகில் பாதிப் பேர் கிட்டப்பார்வைக்காரர்களாகவும் பத்தில் ஒருவர் கடும் கிட்டப்பார்வைக்காரராகவும் இருப்பார்கள் என்பது 2016இல் வெளியான ஒரு பெரும் கணக்கீடு.

மலைக்கும் எழும்பூருக்கும் உண்மையான உறவு ஏற்பட்டது வேறொரு கண்நோயால். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நாய்க்கடிக்கு மருந்து செய்த அதன் வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய உணவு ஆராய்ச்சி, தனி ஆய்வகமாக வளர்ந்தது. அவருக்குப் பின் இயக்குநரான அய்க்ராய்டும், எழும்பூர் கண்ணாஸ்பத்திரித் தலைவர் ரைட்டும் சேர்ந்து, வைட்டமின் ஏ குறைவால் கருவிழி கரைந்துபோகும் ஏழைக் குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்து 1937இல் எழுதினார்கள். உணவால் போகும் கண்ணை உணவால் காப்பாற்றலாம் என்பதை நாட்டுக்குச் சொன்ன இடங்களில் குன்னூர் முக்கியமானது. 1950களின் இறுதியில் அந்த ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நீண்டுபோன கண்ணுக்கு எந்த எண்ணெயும் உதவாது என்பதால் கடும் கிட்டப்பார்வை அந்தக் கதையில் இடம்பெறவில்லை.

விழித்திரை கழன்றால் என்ன செய்வது என்பதற்கு லியர் காலத்தில் உலகத்தில் எங்குமே தெளிவான பதில் கிடையாது. பணம் இருந்தாலும் கிடையாது. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், இளமையில் பார்வை போதாது என்று ஆஸ்திரியப் படையால் திருப்பி அனுப்பப்பட்டவர். 1887 வாக்கில் அவருக்கு விழித்திரை கழன்றது. டாக்டர்கள் சொன்னது: இருட்டறையில் வாரக்கணக்கில் அசையாமல் இருங்கள், பிறகு கடல் பயணம் போங்கள். இங்கே மலைக்காற்று, அங்கே கடல்காற்று, மருந்துச்சீட்டு ஒன்றேதான். நாற்பது வயதில் தொடங்கிய இருட்டு, 1911இல் அவர் தன் சொகுசுக் கப்பலில் இறக்கும்வரை விலகவில்லை.

புலிட்சர் இறந்து பத்தாண்டுக்குள் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஜூல் கோனன் என்ற டாக்டர், விழித்திரை ஏன் கழல்கிறது என்பதை ஒற்றை வரியில் தீர்த்தார்: ஓட்டை. விழித்திரையின் ஓரத்தில் விழும் கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் திரவம் பின்னால் புகுந்து படலத்தை உரித்துவிடுகிறது. ஓட்டையைத் தேடிப் பிடித்துச் சுட்டு அடைத்தால் படலம் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் அவரை யாரும் நம்பவில்லை. 1929 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில்தான் தலையாட்டினார்கள்.

சுடுவதில் ஜெர்மானியர் மயர் ஷ்விக்கராத் ஒரு படி மேலே போனார். 1945 சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையில் சூடு வாங்கிக்கொண்ட ஒரு மாணவரைச் சோதித்தவர் அவர். கேடு செய்த அதே வெயிலைக் கண்ணாடிகளால் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் குறிபார்த்து விட்டால் ஓட்டையை அடைக்கலாமே என்று தோன்றி, 1949இல் செய்தும் காட்டினார். மேகம் வந்தால் சிகிச்சை நின்றது. இன்றைய லேசருக்கு மூத்த அண்ணன் அந்த வெயில்தான்.

ஓட்டையைத் தேடுவதற்கு வழி செய்தவர் பெல்ஜியத்தின் சார்ல்ஸ் ஸ்கேப்பன்ஸ். போர்க்காலத்தில் பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் மரவாடி முதலாளி வேடத்தில் இருந்து, நாஜிகளிடமிருந்து தப்பியோடியவர்களைப் பிரனீஸ் மலை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தவர். போர் முடிந்ததும் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணாலும் விழித்திரையின் கடைசி ஓரம்வரை பார்க்கும் கருவியை உருவாக்கி, பாஸ்டனில் போய் அமர்ந்தார். அவரிடம் பயின்ற எஸ். எஸ். பத்ரிநாத் 1970இல் சென்னை திரும்பி, 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் மருத்துவமனையில், அமெரிக்காவில் விழித்திரைப் பயிற்சி பெற்று வந்த நம்பெருமாள்சாமி அதற்கெனத் தனிப் பிரிவைக் கட்டினார். பார்வை போவதற்குள் காப்பாற்றும் வாய்ப்பு, கடும் கிட்டப்பார்வைத் தமிழருக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே கிடைத்தது. ஊட்டிக்காரருக்கு அது மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது. அரவிந்தின் கோவை மருத்துவமனை 1997இல் வந்தபோது தூரம் 90 கிலோமீட்டருக்குள் சுருங்கியது.

கோராய்டின் கதை இன்னும் மெதுவானது. நீண்ட கண்ணில் அந்தப் படலத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு, பழைய மெருகு வெடிப்பதுபோல் கோடு கோடாக வெடிக்கும். வெடிப்பு வழியே புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். அது பார்வையின் நடுமையமான மேக்குலாவில் நடந்தால், ஆறியபின் கரும்புள்ளி ஒன்று நிலைக்கும். 1862இல் ஃபார்ஸ்டரும் 1901இல் வியன்னாவின் ஃபுக்ஸும் விவரித்த அந்தப் புள்ளி இன்றும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. வெளி ஓரத்தில் ஓட்டை விழுந்தால் திரை மூடுவதுபோல் இருக்கும், இங்கே அப்படியில்லை. ஜன்னல் கம்பி வளைந்து தெரியும், எழுத்துக்கு நடுவில் ஒரு இடம் காணாமல்போகும். கோனனின் மாணவர் ஆம்ஸ்லர் உருவாக்கிய கட்டம் போட்ட அட்டை, ஒவ்வொரு கண்ணாக மூடி வீட்டிலேயே இதைச் சோதிக்க உதவுவது. நூறு வருடம் இதற்குச் சிகிச்சை கிடையாது. லேசர் வைத்தால் கசிவோடு மேக்குலாவும் சேர்ந்து வெந்தது. 2005க்குப் பிறகு வந்த ஊசிகளே நிலைமையை மாற்றின: குடல் புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாபைத் துளியளவு கண்ணுக்குள் போட்டால் புது ரத்தக்குழாய் சுருங்குகிறது என்று தெரிந்தது. அதே வகையைச் சேர்ந்த ரானிபிசுமாப் மருந்தின் நகலை உலகிலேயே முதலில் 2015இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம். கிட்டப்பார்வைக் கண்ணுக்குப் பல சமயம் ஒன்றிரண்டு ஊசியே போதும் என்பது இந்த நோயில் கிடைக்கும் அபூர்வமான நல்ல செய்தி.

இனி மலை ஏறக் கூடாது என்ற கட்டளைக்கு வருவோம். கழன்ற விழித்திரையை ஒட்டவைக்க, உள்ளிருந்து ஏதாவது ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஸ்வீடனின் ரோசன்கிரென் 1938இல் காற்றுக் குமிழியைப் பயன்படுத்தினார். காற்று சில நாளில் கரைந்துவிடும். மயாமியில் நார்ட்டன் 1973இல் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயுவைக் கொண்டுவந்தார். அது இரண்டு வாரம் நிற்கும். அதன் பின் வந்த பெர்ஃபுளூரோபுரொப்பேன் ஆறு முதல் எட்டு வாரம். மயாமியிலேயே மாக்கமர் 1970 வாக்கில் கண்ணின் உள்ளே இருக்கும் விட்ரியஸ் ஜெல்லை வெட்டி எடுக்கும் அறுவையை உருவாக்கியிருந்தார். ஜெல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாயு: உலகமெங்கும் இதுவே வழக்கமாயிற்று. குமிழி மேலெழும்பி ஓட்டையை அழுத்தும் வாக்கில், பல சமயம் குப்புற, நோயாளி நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

மயாமி கடலோர நகரம். அங்கே யாருக்கும் உறைக்காத ஒரு சங்கதி கோயம்புத்தூரில் உறைக்கும். வாயுவின் மேல் வெளியழுத்தம் குறைந்தால் அது விரியும் என்பது பள்ளியில் படிக்கும் பாயில் விதி. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். கோவையில் கண்ணை நிறைத்த குமிழி ஊட்டிக்குப் போனால் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகப் பார்க்கும். கண் உருண்டை அதற்கு இடம் கொடுக்காது. உள்ளழுத்தம் ஏறும், கடும் வலி வரும், விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்கினால், அறுவை காப்பாற்றிய பார்வையைப் பஸ் பயணம் பறித்துவிடும். கண் தன் திரவத்தைக் கொஞ்சம் வெளியேற்றிச் சமாளிக்கப் பார்க்கும், அதற்கு நேரம் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஊர்ந்து ஏறும் மலை ரயிலைவிட, இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும் கார் மோசம் என்பது அதனால்தான். இரண்டும் வேண்டாம் என்பதே டாக்டரின் பதில். விமானத்துக்கும் இதே தடை உண்டு. ஆனால் விமானத்தைத் தவிர்ப்பது எளிது. வீடே மேலே இருப்பவர் வீட்டைத் தவிர்க்க முடியுமா?

அதனால் மலையிலிருந்து வருபவருக்கு வேறு கணக்கு. வாயு வைத்தால் அது கரையும்வரை கீழேயே தங்க வேண்டும்: மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில், இரண்டு வாரமோ இரண்டு மாதமோ. நாள்கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கு இரண்டு மாதம் என்பது குடும்பத்தையே உலுக்கும் காலம். மாற்று, 1962இல் சிபிஸ் என்பவர் புகுத்திய சிலிக்கான் எண்ணெய். எண்ணெய் விரியாது, மறுவாரமே மலையேறலாம். ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை, இன்னொரு பயணம். சில பேருக்குப் பழைய முறையில் வெள்ளைப்படலத்தைச் சுற்றிச் சிலிக்கான் பட்டை கட்டினால் போதும், குமிழியே தேவைப்படாது. எந்தக் கண்ணுக்கு எது என்பதை விழித்திரையின் நிலைதான் முடிவு செய்யும். நோயாளியின் ஊர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் அதில் சேர வேண்டிய தகவல்.

பிரச்சினை பெரும்பாலும் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்றது, டிஸ்பென்சரிகள் வந்தன. காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் வரை அவை பார்த்தன. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, ஸ்கேப்பன்ஸ் கருவியை மாட்டிக்கொண்டு ஓரம்வரை தேடுவது டிஸ்பென்சரி வேலை அல்ல. விழித்திரை கழலும்போது வலியும் கிடையாது. கண்ணில் பூச்சி பறக்கிறது, மின்னல் வெட்டுகிறது என்று ஒருவர் சொல்லும்போது லயத்து வீட்டில் கிடைக்கும் பதில், சூடு, பித்தம், தூக்கமில்லை. ஓரத்தில் ஒரு நிழல் திரைபோல் ஏறத் தொடங்கிய பின் மேக்குலாவை அது எட்டுவதற்குச் சில நாளே பிடிக்கலாம். எட்டுவதற்கு முன் அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் மிஞ்சும். எட்டிய பின் செய்தால் படலம் ஒட்டும், பழைய கூர்மை திரும்புவது அரிது. அந்தச் சில நாளில் 2009 நவம்பரைப் போல மண்சரிந்து மலைப்பாதை அடைபட்டால் கதை முடிந்தது.

நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்தது. ஊட்டியில் அதன் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. விழித்திரை அறுவை மலையிலேயே நடந்தால் குமிழிக் கணக்கு தலைகீழாகிவிடும்: ஊட்டியில் வைத்த வாயு கீழே இறங்கும்போது சுருங்குமே தவிர விரியாது, அழுத்தம் ஏறும் அபாயம் இல்லை. மலைமாவட்டத்துக்கு ஒரு விழித்திரைப் பிரிவு கேட்பதற்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை.

அதுவரை மலையில் இருக்கும் மைனஸ் 6க்கு மேற்பட்டவர்கள் செய்ய வேண்டியது மூன்று. கண்ணாடி மாற்றப் போகும்போது பவர் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், லேசிக் செய்துகொண்டவர்களும்தான். திடீரென்று பூச்சி பறந்தாலோ மின்னல் வெட்டினாலோ நிழல் ஏறினாலோ அன்றைக்கே கீழே இறங்குங்கள். அறுவை மேசையில் ஏறுவதற்கு முன் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் உயரத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்: கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240.